கொடிக்கயிற்றில் ஒரு விரல்

ஸ்டெல்லா அக்கா ஈரத்துணி வாளியை முற்றத்தில் வைப்பார். உடனே துணியை எடுக்கமாட்டார். ஆட்காட்டி விரலைக் கொடிக்கயிற்றின் மேல் வைத்து, ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்துகொண்டே இழுப்பார். பிறகு, எதிர் அறை வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும் என் பக்கம் திரும்பி அந்த விரலைத் தூக்கிக் காட்டுவார்.

விரல் கறுத்திருந்தால், "இன்னிக்கும் ஓட்டுப் போட்டாச்சு மாணிக்கம். உன் ஆலைக்குத்தான்" என்பார்.

நாட்டின் முதல் தேர்தல் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. விரலில் வைத்த மை எல்லாருக்கும் நினைவிருந்தது.

"நாங்க புகையை விடறதோட சரிக்கா. உங்க கயித்துல கொண்டாந்து சேர்க்கறது காத்து" என்பேன்.

"ரெண்டு பேரும் ஒரே கட்சி" என்று சொல்லிவிட்டு, கந்தையால் கயிற்றைத் துடைத்து, அதன்பிறகுதான் துணியை உதறுவார். எல்லாம் வெள்ளை. ஆஸ்பத்திரி நர்ஸுக்கு வெள்ளையைத் தவிர வேறு நிறம் கிடையாது.

சென்ற வாரம் எழுதியதைப் பம்பாயில் ரயிலேறியதோடு நிறுத்தியிருந்தேன். இறங்கியது மைசூரில். அந்த ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் மற்றவர்கள் தசரா யானையைச் சொல்வார்கள். எனக்கு முதலில் அந்த விரல் வந்து நிற்கும்.

கரி போடுகிறவன்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அம்மா இறந்த வருஷம் தருமபுரிப் பக்கத்து வீட்டை விட்டு வந்தேன். ஜோலார்ப்பேட்டை ரயிலடியில் எஞ்சின்கள் கொட்டும் சாம்பலில் வேகாத கரியைப் பொறுக்கி விற்றதுதான் முதல் பிழைப்பு. பிறகு எந்த ஊருக்குப் போனாலும் கரி என்னை விடவில்லை. கையில் காய்ப்பு இருப்பதைப் பார்த்தால் பாய்லர் அறைக்காரர்கள் வேறு கேள்வி கேட்கமாட்டார்கள். "மண்வாரியைப் பிடி" என்பார்கள்.

பம்பாயில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தேன். அங்கே நடைபாதையில் படுத்து எழுந்தால் மூக்கைச் சிந்தும்போது கறுப்பாக வரும். கடற்காற்று மாலையில் உள்ளே வரும், விடிகாலையில் வெளியே போகும். புகையும் அதோடு போய் வரும். அது எந்தச் சிம்னியின் புகை என்று அங்கே யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். மைசூர் சின்ன ஊர். புகைக்கு முகவரி இருந்தது.

எங்கள் ஆலை ரயில்பாதை ஓரமாக இருந்த நெசவாலை. பெயர் வேண்டாம். ஒரு பெரிய செங்கல் சிம்னி. இரவில் தீயைச் சாம்பல் போட்டு மூடி வைப்போம். காலையில் அதைக் கிளறி, புதுக்கரி குவித்து, நீராவி ஏற்றவேண்டும். புகையில் கெட்ட புகை அந்த நேரத்துப் புகைதான். தீ பிடித்து நிலைக்கும்வரை சிம்னி தாரைக் கக்குவதுபோலக் கக்கும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள், ஆலை வாசலைக் காக்கும் கேட்காரர் ஓடிவந்தார். "உங்க பாஷைக்காரம்மா ஒருத்தங்க வந்து கத்தறாங்க. நீ போய்ப் பேசு" என்றார்.

வாசலில் ஒரு பெண். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு வெள்ளைச் சேலை.

"நீதான் புகை விடறவனா?"

"பாய்லர் விடுதுங்க. நான் கரி போடறவன்."

"நல்லாப் பேசற. இதைக் கட்டிக்கிட்டு நான் வார்டுக்குள்ள போனா, நோயாளி எந்திரிச்சு எனக்குக் கட்டிலை விட்டுக் கொடுப்பான்."

சேலையை விரித்துக் காட்டினார். புள்ளி புள்ளியாகக் கரித்தூள். ஒரு மூலையில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறக் கறை.

"இந்த இடத்துல தண்ணி போட்டுத் தேய்ச்சீங்களா?"

"அழுக்குன்னா தேய்க்காம, கும்பிட்டா போவும்?"

பம்பாயில் கொஞ்ச நாள் ஒரு சலவைக் கடையில் இருந்திருக்கிறேன். புகைக்கரியில் எண்ணெய்ப் பசை உண்டு. ஈரம் பட்டுத் தேய்த்தால் நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். உலரவிட்டு, உதறி, வறட்டுத் தவிட்டைத் தூவி எடுக்கவேண்டும். வண்டிமாட்டுக்கு வைத்திருந்த தவிட்டில் ஒரு கை அள்ளிவந்து செய்து காட்டினேன். தேய்த்த மூலை போகவில்லை. மற்ற புள்ளிகள் போயின.

அந்த அம்மா சேலையை மடித்துக்கொண்டார். "எங்க தங்கியிருக்க?" என்று கேட்டார்.

கரிக்குவியலுக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினேன்.

"எங்க காம்பவுண்டுல விறகு போட்டு வைக்கற ரூம் ஒண்ணு சும்மா கிடக்கு. சொல்லி வைக்கறேன். புகையை விட்டுட்டு நீ மட்டும் வா."

காம்பவுண்டு

அது கிறிஸ்தவத் தமிழர்கள் இருந்த காம்பவுண்டு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். நடுவில் முற்றம், குழாய், கொடிக்கயிறு. பாதிப்பேர் ஆஸ்பத்திரியிலும் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்தார்கள். பிள்ளைகள் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார்கள்.

என்னை யாரும் மதம் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் சலவை மடிப்போடு அவர்களுடைய வேதக்கோயிலுக்குப் போய்விடுவார்கள். முற்றத்தில் நானும் நாலைந்து கோழிகளும் இருப்போம். திரும்பி வரும்வரை குழாய் சொட்டுவது கேட்கும். போகும் வழியில் ஒருவர்கூட 'வாயேன்' என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பேனா என்று தெரியாது. என் சட்டைகளில் வெள்ளை ஒன்றும் இல்லை.

மதியம் மட்டும் அக்கா வீட்டில் எனக்குத் தட்டு உண்டு. அதற்கு முன்னால் யாரும் என் பெயரைச் சொல்லிச் சோறு எடுத்து வைத்ததில்லை. அதைப் பெரிதாகச் சொல்ல வரவில்லை. அப்படித்தான் இருந்தது.

அக்காவின் வீட்டுக்காரர் சாமுவேல் சார். பள்ளிக்கூட வாத்தியார். கோயில் பாடகர் குழுவில் அவருக்குத் தணிந்த குரல். பேசும்போது சாதாரணமாக இருக்கும். பாட ஆரம்பித்தால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வரும். குழந்தைகள் இல்லாத வீடு. அந்தக் குரல்தான் வீட்டை நிரப்பியது.

அவருக்கு ஈளை, அதாவது மூச்சிரைப்பு. கார்த்திகை பிறந்தால் இழுக்க ஆரம்பிக்கும். மார்கழியில் உட்கார்ந்துகொண்டே தூங்குவார். நான் வருவதற்கு முந்தைய மார்கழியில் அக்கா வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே அவரைச் சேர்க்க வேண்டியதாயிற்று. டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னும் இப்படி ரெண்டு குளிர்காலம் இந்தப் புகையில இருந்தா தாங்காது. ஊரை மாத்திடுங்க" என்று சொல்லியிருந்தார்.

அக்காவின் அண்ணன் கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்தில் விவசாயம். அங்கே ஒரு வீடு காலியாக இருக்கிறது, பக்கத்தில் மிஷன் நடத்தும் சின்ன மருத்துவமனையில் அக்காவுக்கு வேலையும் கிடைக்கும், வந்துவிடுங்கள் என்று ஆள்மேல் ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

போனால் சாரின் மூச்சு தப்பும். ஆனால் அக்கா படித்துச் சம்பாதித்த பெரிய ஆஸ்பத்திரி வேலை போகும். சாருக்குப் பள்ளிக்கூடமும் பாடகர் குழுவும் போகும். எனக்கு என்ன போகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கவேண்டியதும் இல்லை.

ஒரு டிரங்குப் பெட்டி பாதி கட்டி, மூடாமல், அவர்கள் வீட்டு மூலையில் இருந்தது. நான் சோறு தின்னும்போதெல்லாம் அதற்கு முதுகைக் காட்டி உட்காருவேன்.

அட்டைக்காரர்

அந்தக் கோடையில் புகைக்கு ஓர் உத்தரவு வந்தது. ஆலை, பட்டறை, பெரிய ஓட்டல் எதுவானாலும், சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம்வரை சிம்னியிலிருந்து கரும்புகை தொடர்ந்து வரக்கூடாது. மீறினால் அபராதம். அதற்கும் மசியாவிட்டால் பூட்டு.

பார்ப்பதற்கு ஒரு இன்ஸ்பெக்டர். பெயர் புட்டசாமி. ஒல்லியான மனிதர், சைக்கிளில் வருவார். கையில் ஒரு அட்டை. அதில் வெளுப்பிலிருந்து கறுப்புவரை வரிசையாகக் கட்டங்கள். ஆலைக்கு எதிரே தள்ளி நின்று, அட்டையைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, புகை எந்தக் கட்டத்துக்குச் சேர்கிறது என்று பார்ப்பார். கேட்காரர்கள் அவருக்கு 'அட்டைக்காரர்' என்று பெயர் வைத்தார்கள்.

ரயில் எஞ்சின்களுக்கு உத்தரவு கிடையாது. எங்கள் சிம்னியை அவர் கண் மூடிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாசஞ்சர் வண்டி ஒன்று அவர் முகத்தில் ஊதிவிட்டுப் போகும். அவர் கைக்குட்டையால் அட்டையைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்ப்பார்.

அவருக்குத் தமிழ் பாதி, கன்னடம் பாதி; 'பாரப்பா' அவர் வாயில் 'நோடப்பா'. ஒருநாள் பாய்லர் அறைக்குள்ளேயே வந்துவிட்டார். "நோடப்பா மாணிக்கம், அபராதம் எழுதறதுல எனக்கு ருசி இல்லை. புகை குறையணும். எப்படிப் போடறே, காட்டு" என்றார்.

எங்கள் மேஸ்திரி ரங்கப்பாவுக்குக் கரியைக் குவித்துப் போட்டுவிட்டு பீடி பற்றவைப்பதுதான் பழக்கம். அன்றிலிருந்து அது மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, தீயின் மேல் விசிறினாற்போல் போடவேண்டும். காற்றுக் கதவைத் திறந்து வைக்கவேண்டும். இடுப்பு ஒடிந்தது. ஆனால் புகை உண்மையிலேயே வெளுத்தது.

பிறகு ஆடி வந்தது. மேற்கிலிருந்து காற்று, நடுநடுவே சாரல். சிம்னி வாயிலிருந்து புகை வெளிவருவதற்குள் காற்று அதைப் பிய்த்துக்கொண்டு ஓடியது.

அக்கா கயிற்றில் விரலை இழுத்தார். தூக்கிக் காட்டினார். சுத்தம்.

"உத்தரவுன்னா இதுல்ல உத்தரவு!" என்றார்.

சாமுவேல் சார் மாலையில் முற்றத்தில் நின்று முழுப்பாட்டும் பாடினார். நடுவில் மூச்சு வாங்கவில்லை. காம்பவுண்டே வாசலுக்கு வந்து கேட்டது. முடிந்ததும் அவர் என்னைப் பார்த்து, "உன் கைவேலை மாணிக்கம்" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆடிக்காற்றில் எந்த ஊரும் சுத்தமாகத்தான் இருக்கும். அதற்கு முந்தைய ஆடியிலும் கயிறு சுத்தமாகத்தான் இருந்திருக்கவேண்டும். உத்தரவு வந்த வருஷம் என்பதால் எல்லாரும் உத்தரவுக்கு மாலை போட்டோம். காற்றை யாரும் நினைக்கவில்லை.

ஆவணியில் அக்கா அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்: இங்கே புகை நின்றுவிட்டது, இவருக்கு உடம்பு தேறிவிட்டது, நாங்கள் வரவில்லை. அண்ணன் அந்த வீட்டை வேறு ஒருவருக்கு வாடகைக்கு விட்டார். டிரங்குப் பெட்டியைக் காலி செய்து கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். நான்தான் குனிந்து தள்ளினேன்.

சுண்ணாம்புச் சுவர்

கிறிஸ்துமஸுக்கு முன்னால் காம்பவுண்டு முழுவதும் வெள்ளையடிப்பது வழக்கம். அவரவர் சுவரை அவரவர் அடிப்பார்கள். என் அறைக்கு அக்காவே வாளியும் மட்டையும் கொண்டுவந்து வைத்தார். "உன் சுவர் மட்டும் கறுப்பா இருந்தா ஏசு பிறக்கமாட்டார்" என்றார். அடித்தேன். கண் கூசுகிற வெள்ளை.

அதற்குள் ஆலையில் ஒரு மாற்றம் வந்திருந்தது.

எவ்வளவு மெல்லப் போட்டாலும், இரவில் மூடிய தீயைக் காலையில் திறக்கிற நேரத்தில் கரும்புகை வந்தே தீரும். முன்பு அதை ஆறரை மணிக்குச் செய்தோம். இப்போது அந்த நேரத்தில் அட்டைக்காரர் எதிரே நிற்பார். ஆகவே மேலிடத்தில் யோசித்து, உதயத்துக்கு முன்னாலேயே தீயைத் திறந்துவிடச் சொன்னார்கள். உத்தரவு பகலுக்குத்தானே? நாலு மணிக்குத் திறந்தால் வெளிச்சம் வரும்போது சிம்னி வெள்ளைப்புகை விட்டுக்கொண்டு சாதுவாக நிற்கும்.

எங்கள் ஆலை மட்டும் கண்டுபிடித்த வழி இல்லை இது. பட்டறைகள், ஓட்டல்கள் எல்லாருக்கும் தனித்தனியாக அதே யோசனை வந்தது. சட்டத்தை யாரும் மீறவில்லை.

மார்கழியில் மைசூரில் விடிவதற்கு முன் காற்று அசையாது. குளிர் தரையோடு படுத்திருக்கும். ஆறரை மணிப் புகைக்குப் பின்னாலேயே சூரியன் வந்து அதைத் தூக்கி விடும். நாலு மணிப் புகையைத் தூக்க ஆள் கிடையாது. மேலே கொஞ்சம் போகும், அப்புறம் பாயை விரித்த மாதிரி ஊரின் மேல் படுத்துவிடும்.

நான் இருட்டிலேயே கிளம்பிவிடுவதால் அக்காவின் விரலைக் காலையில் பார்க்க முடியவில்லை. அவர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். கயிற்றில் இழுத்த விரலை என் கதவோரச் சுவரில் அழுத்திவிட்டுப் போவார். மதியம் நான் வரும்போது வெள்ளைச் சுண்ணாம்பில் ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும். மறுநாள் அதன் கீழே இன்னொன்று. பொட்டுகள் கீழே இறங்க இறங்கக் கறுப்பு கூடிக்கொண்டே வந்தது.

சார் மறுபடி உட்கார்ந்துகொண்டு தூங்க ஆரம்பித்தார்.

மேஸ்திரியிடம் கேட்டேன். "தீ திறக்கறதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?"

"யாருக்காக?"

"எங்க காம்பவுண்டுல ஒருத்தருக்கு ஈளை."

ரங்கப்பா பீடியை அணைத்துக் காதில் சொருகிக்கொண்டார். "என் சம்சாரத்துக்கும் ஈளைதான். வீடு இதோ சுவருக்கு அந்தப் பக்கம். தள்ளி வெச்சா உனக்கும் வேலை இல்லை, எனக்கும் இல்லை. போடு" என்றார்.

போட்டேன்.

கிறிஸ்துமஸ் விடியல்

முந்தின நாள் சாயங்காலம் அக்கா ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே வெள்ளைச் சட்டை. புதுசு.

"கரிக்காரனுக்கு வெள்ளைச் சட்டையாக்கா?"

"நாளைக்கு ஒருநாள் போட்டுக்கோ. மத்தியானம் சாப்பாட்டுக்குப் போட்டுக்கிட்டு வா. அதுக்கு மேல அது உன் பாடு, உன் ஆலை பாடு."

சார் கட்டிலில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தார். விடிகாலை ஆராதனையில் அவருக்குத் தனியாக ஒரு பாட்டு. ஒவ்வொரு வருஷமும் அவர்தான் பாடுவார்.

"இந்த வருஷம் வேற யாரையாவது பாடச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"வேற யாரு? அந்த ஜார்ஜா? அவன் பாடினா மேய்ப்பருங்க ஆட்டை விட்டுட்டு ஓடிடுவாங்க."

அக்கா சிரித்தார். சாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பே இருமலில் போய் முடிந்தது. அது அடங்கும்வரை நான் என் சட்டையின் பித்தானை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஆலைக்கு அன்று விடுமுறை இல்லை. நாலு மணிக்குத் தீயைத் திறந்தேன். வெளியே மூடுபனியா புகையா என்று பிரிக்க முடியாத ஒன்று தெருவிளக்குகளை மூடியிருந்தது. கோயில் மணி கேட்டது. எல்லாரும் வெள்ளை உடுத்திக்கொண்டு அதற்குள் நடந்து போய்க்கொண்டிருப்பார்கள். இப்போது உட்கார்ந்திருப்பார்கள். இப்போது சார் எழுந்திருப்பார். பாய்லர் அறையில் தீ இரையும் சத்தத்தைத் தவிர வேறு ஒன்றும் கேட்காது. கரியை விசிறினேன். எவ்வளவு மெல்ல முடியுமோ அவ்வளவு மெல்ல.

மதியம் வந்து தேய்த்துக் குளித்தேன். வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுப் பித்தான் மாட்டினேன். முற்றத்தைத் தாண்டினேன். அவர்கள் வீட்டில் பூட்டு.

பக்கத்து வீட்டில் ஒரு தட்டை மூடிக் கொடுத்து வைத்திருந்தார்கள். எனக்கான சாப்பாடு. அக்கா அந்த அவசரத்திலும் எடுத்து வைத்துவிட்டுத்தான் சாரோடு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் பார்க்கப் போனேன். சார் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் போய்க் கொஞ்சம் நிறம் வந்திருந்தது.

"ரெண்டு வரி வந்துச்சு மாணிக்கம். மூணாவது வரிக்கு வாயைத் திறந்தேன். காத்தே இல்லை" என்றார். "ஜார்ஜுதான் முடிச்சான். நல்லாத்தான் பாடினான். அதுதான் வருத்தம்."

வெளியே வந்து அக்காவிடம், "நான்தான் நாலு மணிக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"நீ போடலைன்னா இன்னொருத்தன் போடுவான். உன்னைச் சொல்லி என்ன ஆகப்போவுது" என்றார். கோபமே இல்லை. ஆலை வாசலில் சேலையை விரித்துக்கொண்டு நின்றபோது இருந்த கோபத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

அன்று இரவே அண்ணனுக்கு ஆள் போயிற்று. அங்கே குடியிருந்தவரை எப்படியோ பேசிக் காலி செய்யவைத்தார்கள்.

மலைமேல்

அந்த வார விடுமுறையில் விடியுமுன்பே சாமுண்டி மலைப்படி ஏறினேன். சாமி கும்பிட இல்லை. காம்பவுண்டில் இருக்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். நந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மேலே வானம் நீலம். வெயில் முகத்தில் அடித்தது. மூச்சு இழுத்தால் குளிர்ந்த தண்ணீர் குடிக்கிறமாதிரி இருந்தது.

கீழே ஊர் இல்லை. அழுக்குப் பஞ்சை மட்டமாகப் பரப்பினதுபோல் ஒரு சாம்பல் தளம். ஏதோ கோபுரமும் எங்கள் சிம்னியின் தலையும் மட்டும் அதில் குத்திக்கொண்டு நின்றன. ரயில் ஒன்று ஊதியது. வெண்புகை ஒரு கொத்து எழும்பி வந்து, கூரையில் முட்டியதுபோல் நின்று, பக்கவாட்டில் ஒழுகியது.

"நோடப்பா, நீயும் இதைப் பாக்கத்தான் வந்தாயா?"

அட்டைக்காரர். கோயிலுக்குப் போய் இறங்கி வந்துகொண்டிருந்தார். நெற்றியில் குங்குமம், சட்டைப்பையில் அட்டை. விடுமுறையிலும் எடுத்து வந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து அதை எடுத்து, கீழே தெரிந்த சாம்பலை நோக்கி நீட்டிப் பிடித்தார். கண்ணை மூடித் திறந்தார்.

"ஒரு சிம்னிக்குத்தான் இதுல கட்டம் இருக்கு. ஊருக்குக் கட்டம் இல்லை" என்றார்.

"நாங்க எல்லாம் நாலு மணிக்கே போட்டுடறோம் சார்."

"தெரியும். என் வீட்டுச் சன்னல்லயும் கரி விழறது. ஆனா இருட்டுல எல்லாப் புகையும் ஒரே நிறம் மாணிக்கம். நான் எதை எழுதறது?" அட்டையைச் சட்டைப்பையில் போட்டார். "உத்தரவு போட்ட பிறகு புகை குறைஞ்சதுன்னு ஆடி மாசம் நானே ரிப்போர்ட் எழுதினேன். சபாஷ்னு பதில் வந்தது. காத்து எழுதவேண்டிய ரிப்போர்ட்டை நான் எழுதிட்டேன்."

குளிர்காலத்துக்குத் தனி விதி வேண்டும், வெயில் ஏறியபிறகுதான் தீயைத் திறக்கவேண்டும் என்று மேலே எழுதப்போவதாகச் சொன்னார்.

"எப்ப வரும் சார்?"

"சர்க்காரு. அடுத்த மார்கழிக்குள்ள வந்தா உன் புண்ணியம்."

சாமுவேல் சார் இந்த மலைப்படியில் இவ்வளவு தூரம் ஏறி உட்கார்ந்தால் பாடிவிடுவார் என்று தோன்றியது. ஆனால் ஏற முடியவேண்டுமே.

கொள்ளேகால் பஸ்

அவர்கள் கிளம்பிய தை மாதக் காலையில் நல்ல காற்று அடித்தது. எங்கிருந்தோ அன்றைக்கென்று வந்தது. முற்றத்துச் சருகெல்லாம் ஓடியது.

கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ராமாபுரம் போகவேண்டும். டிரங்குப் பெட்டியை நான் தோளில் ஏற்றிக்கொண்டேன். அக்கா கடைசியாக முற்றத்துக்கு வந்தார். வாளி இல்லை, துணி இல்லை. பழக்கத்தில் விரலைக் கயிற்றில் வைத்து நடந்தார். பார்த்தார்.

"போற அன்னிக்குப் பார்த்து" என்று சுத்தமான விரலை என்னிடம் காட்டினார். "கயித்தை அவுக்கலை. நீ வெச்சுக்கோ."

பஸ்ஸில் சார் சன்னலோரம் உட்கார்ந்தார். "ஊர் ஊராத் திரியறவன்தானே. ராமாபுரம் வழியா ஒருதரம் திரியேன்" என்றார்.

"அங்க சிம்னி இல்லையே சார். எனக்கு என்ன வேலை கொடுப்பாங்க?"

"அதனாலதான் நாங்க போறோம்" என்றார் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம். பஸ் கிளம்பியது. கொஞ்ச தூரம் கரும்புகை விட்டுக்கொண்டு போனது.

அடுத்த மார்கழி

புது விதி அடுத்த குளிருக்குள் வந்துவிட்டது. புட்டசாமி எழுதியதாலா, வேறு யாராவது எழுதியதாலா, தெரியாது. குளிர்மாதங்களில் வெயில் ஏறும்வரை மூடிய தீயைத் திறக்கக்கூடாது. மீறினால் இருட்டிலும் அபராதம் உண்டு, ஆலைக்குள்ளேயே வந்து பார்ப்பார்கள். வேலை தாமதமாகத் தொடங்கியது. ரங்கப்பா முணுமுணுத்தார். பிறகு, வீட்டில் சம்சாரம் படுத்துத் தூங்குகிறாள் என்று ஒருநாள் அவராகவே சொன்னார்.

எல்லாக் காலையும் சுத்தமாகிவிடவில்லை. ரயில்கள் ஊதின. வீட்டு அடுப்புகள் எரிந்தன. காற்று நின்ற நாட்களில் பழையபடி தொண்டை கமறியது. ஆனால் பல நாட்கள் தேவலை.

ராமாபுரத்திலிருந்து வெல்லம் கொண்டுவரும் ஒரு வியாபாரியைச் சந்தையில் பிடித்து விசாரித்தேன்.

"பாட்டு வாத்தியாரா? நம்ம பக்கந்தானுங்க. பொழுது விடிஞ்சா அவரு சத்தந்தான். மாடுகூட நின்னு கேக்குதுங்க."

"மார்கழியிலுமா?"

"இப்ப என்ன மாசங்க? இப்பத்தானுங்க சொல்றேன்."

போதும் என்று தோன்றியது. அவரிடம் ஒரு அச்சு வெல்லம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அக்கா வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று காம்பவுண்டு கோயிலுக்குப் போய்விட்டது. எனக்கு வேலை ஒன்பது மணிக்குத்தான். மடித்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையை எடுத்தேன். ஒரு வருஷம் பெட்டிக்குள் கிடந்ததில் மடிப்பு மஞ்சளித்திருந்தது. அலசி, கயிற்றில் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வரும்போது சாயங்காலம். சட்டையைக் கயிற்றிலிருந்து எடுக்காமலே அதன் தோள்பட்டையில் விரலை வைத்து இழுத்தேன். பிறகு கயிற்றிலும், முனையிலிருந்து முனைவரை.

விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

என் கதவோரம் போன வருஷத்துப் பொட்டுகள் இன்னும் இருந்தன. அந்த வருஷம் நான் என் சுவருக்கு வெள்ளையடிக்கவில்லை. கடைசிப் பொட்டுக்குக் கீழே விரலை அழுத்தினேன். அடையாளம் விழவில்லை.

திரும்பி முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் பார்த்து, விரலைத் தூக்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். பூட்டிய கதவு. கோழி ஒன்று கழுத்தைச் சாய்த்து என்னைப் பார்த்தது.

பொங்கலுக்கு முன்னால் அந்த ஊரை விட்டுவிட்டேன். கயிற்றை அவிழ்க்கவில்லை.